தோற்றவரை மந்திரியாக்கிய காமராஜர்

1954-ம் ஆண்டு மார்ச் மாதம் 30-ந் தேதி.

சென்னையில் காங்கிரஸ் சட்டசபை உறுப்பினர்கள் கூடினார்கள். முதல்-மந்திரி பதவியை விட்டு ராஜாஜி விலகுகிறார். அடுத்த தலைவர் யார் என்று முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒருவர் விருதுநகர் காமராஜர். மற்றவர் கொங்கு நாட்டுக்காரரான சி.சுப்பிரமணியம். பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்தவர். ராஜாஜியின் ஆதரவு அவருக்கே இருந்தது. அவருடைய பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம்.

ஓட்டுகள் எண்ணப்பட்டன. காமராஜருக்கு 93. சுப்பிரமணியத்துக்கு 41.

வென்றவர் இனி என்ன செய்வார்? எதிர்த்து நின்றவர்களை ஒதுக்கி விடுவாரா? கட்சி இரண்டாக உடையுமா?

துணிக்கடைப் பையன்

காமராஜர் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி பிறந்தார். தந்தை குமாரசாமி. தாய் சிவகாமி அம்மாள். சிறு வயதிலேயே தந்தை இறந்து போனார். படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்தார்.

நாட்டு விடுதலை வேட்கை அவரைக் கடையில் உட்கார விடவில்லை. போராட்டங்களில் குதித்தார். பல தடவை சிறை சென்றார். கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

அவருடைய அரசியல் குரு சத்தியமூர்த்தி. 1936-ல் குரு தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் ஆனார். காமராஜரைச் செயலாளர் ஆக்கிக்கொண்டார். 1940-ல் சீடர் தலைவரானார். அவர் குருவையே செயலாளராக வைத்துக்கொண்டார்! தன்னை விடப் பெரியவர் பக்கத்தில் இருந்தால் தன் மதிப்பு குறைந்து விடும் என்று அவர் அஞ்சவில்லை.

எட்டே மந்திரிகள்

1954 ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் முதல்-மந்திரி ஆனார். அவரையும் சேர்த்து மந்திரிகள் எட்டே பேர்.

அந்தப் பட்டியலைக் கண்டு பலரும் வியந்தனர். தோற்றுப்போன சுப்பிரமணியத்தின் பெயர் அதில் இருந்தது. நிதி, கல்வி ஆகிய பெரிய இலாகாக்கள் அவருக்குக் கிடைத்தன. அவரை முன்மொழிந்த பக்தவத்சலமும் மந்திரியானார்.

தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்தவர் பரமேசுவரன். அவரிடம் அறநிலையத்துறையை ஒப்படைத்தார் காமராஜர். எந்த வகுப்பாரைக் கோவில் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்களோ, அந்த வகுப்பில் வந்தவர் கோவில்களைக் கவனிக்கும் மந்திரியானார்.

இதில் பெருந்தன்மை மட்டும் அல்ல, கணக்கும் இருந்தது. 41 பேர் வெளியே முறுக்கிக்கொண்டு நின்றால் ஆட்சி நிலைக்காது. வட மாவட்டங்களில் செல்வாக்கு உள்ள மாணிக்கவேலு, ராமசாமி படையாட்சி ஆகியோரையும் அவர் சேர்த்துக்கொண்டது அதனால்தான்.

பிள்ளைகளின் படிப்பு

அப்போது நாட்டைக் கலக்கிய பிரச்சினை பள்ளிக்கூடம். ராஜாஜி 1953-ல் ஒரு திட்டம் கொண்டு வந்திருந்தார். கிராமத்துப் பிள்ளைகள் தினம் மூன்று மணி நேரம் படிக்க வேண்டும். மீதி நேரத்தில் குடும்பத் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கிற பள்ளிகளில் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம் என்றார்கள் ஆதரித்தவர்கள். தகப்பன் தொழிலோடு மகனைக் கட்டிப்போடும் திட்டம் இது என்று எதிர்த்தார்கள் மற்றவர்கள்.

காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. அப்போது கல்வி மந்திரியாக இருந்தவர், ராஜாஜியின் அன்புக்கு உரிய அதே சுப்பிரமணியம். பிறகு புதிய பள்ளிகள் பல திறக்கப்பட்டன. 1956-ல் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டம் வந்தது. போட்டியாளரைப் பகைத்து ஒதுக்கியிருந்தால், இதற்கெல்லாம் செலவிட வேண்டிய நேரம் கோஷ்டிச் சண்டையில் போயிருக்கும்.

அமெரிக்காவிலும்

அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தலுக்கு நிற்பவர், தன்னுடன் நிற்கும் துணை ஜனாதிபதி வேட்பாளரைப் பொறுக்கி எடுக்கிறார். அவர் யாரை எடுக்கிறார் என்பதை வைத்தே ஜனங்கள் அவருடைய புத்தியை எடை போடுகிறார்கள். 1960-ல் கென்னடி, தன்னோடு போட்டியிட்ட ஜான்சனையே சேர்த்துக்கொண்டார். 1963-ல் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டபோது ஜான்சன்தான் நாட்டின் பொறுப்பை ஏற்றார்.

அதே 1963-ல் காமராஜர் கட்சி வேலைக்காகத் தாமாகவே பதவியை விட்டார். அவருக்குப் பின் முதல்-மந்திரி ஆனவர் யார்? அன்று எதிராளியை முன்மொழிந்த பக்தவத்சலம்! சுப்பிரமணியம் மத்திய உணவு மந்திரியாகி, பசுமைப் புரட்சிக்கு வழி வகுத்தார்.

காமராஜரின் கணிப்பு எப்போதும் பலித்தது என்று சொல்ல முடியாது. 1967-ல் காங்கிரஸ் தமிழ்நாட்டு ஆட்சியை இழந்தது. விருதுநகரில் காமராஜரே தோற்றார். அவர் ஆதரித்துப் பிரதமர் ஆக்கிய இந்திரா காந்தியோடு 1969-ல் பிரிய நேர்ந்தது.

ஆனாலும் 1954-ல் அவர் செய்த தேர்வு நின்று பலன் தந்தது.

நல்லூர் அறிந்த பாடம்

திருப்பூர் நல்லூரில் பனியன் தொழில் செய்கிறவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. கம்பெனி தொடங்குகிறவர் நல்ல கட்டிங் மாஸ்டரைத் தேடி அலைவார். தலையாட்டுகிற ஆள் அவருக்கு வேண்டாம். அளவு தப்பினால் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லுகிற ஆள் வேண்டும். வெட்டிய துணியை மறுபடி ஒட்ட முடியாதே!

துணிக்கடையில் வளர்ந்த காமராஜரும் அப்படித்தான் ஆள் தேடினார். 1975 அக்டோபர் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், அவர் கண்களை மூடினார். மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1998-ல் அதே விருது, அன்று அவரிடம் தோற்ற சுப்பிரமணியத்துக்கும் கிடைத்தது.