பாரிஸ்டர் அம்பேத்கரும் நம் மாணவச் செல்வங்களும்

அண்ணல் டாக்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் அவர்களை அரசியல் சட்டச் சிற்பி என்று நாடு போற்றுகிறது. ஆயினும் அவர் கல்வி உதவிக்காக விண்ணப்பித்ததும், படிப்பைப் பாதியில் நிறுத்த நேர்ந்ததும், வழக்குகள் வாராத இளம் வழக்கறிஞராகக் காத்திருந்ததும் நம் மாணவர் பலர் அறியாத செய்திகள். சட்டம் பயில விரும்பும் கோவளம் வட்டாரப் பிள்ளைகளுக்கு அவரது வாழ்வின் அப்பகுதியே பெரிதும் பயன்படும் என்று கருதி, அதனை மட்டும் இங்கு வரைகிறோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் என்னும் படைமுகாம் ஊரில் பிறந்த அவர், 1907இல் மெட்ரிகுலேஷன் தேறி, 1912இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பட்டம் பெற்றார். மறு ஆண்டு, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையைக் கொண்டு அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணிபுரிவதாக ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட பின்னரே அவ்வுதவி கிட்டியது. 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்று, 1916இல் லண்டன் சேர்ந்து, பொருளாதாரக் கல்லூரியில் பொருளாதாரமும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் பாரிஸ்டர் படிப்புமாக இரண்டையும் ஒருங்கே தொடங்கினார்.

1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. ஊர் திரும்புவதன்றி வேறு வழியில்லை. அவரது உடைமைகளையும் நூல்களையும் ஏற்றி வந்த கப்பலோ போரில் மூழ்கடிக்கப்பட்டது. இந்நிலையிலும் அவர் ஒரு காரியத்தை மறவாது செய்திருந்தார். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்ற அனுமதியை லண்டன் பல்கலைக்கழகத்திடம் முன்னதாகவே பெற்றுக்கொண்டுதான் கப்பலேறினார். அந்த அனுமதி இல்லையேல், பின்னர்ப் பணம் கிட்டியபோதும் கதவு அடைபட்டிருக்கக்கூடும். மாணவர்கள் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

பரோடாவில் உயர் பதவி கிடைத்தும் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியிருந்த அவரைச் சாதியறிந்து வெளியேற்றினர். அலுவலகத்திலும் அவமதிப்பே நேர்ந்தது. மனம் நொந்து பம்பாய் திரும்பிய அவர், 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். அச்சேமிப்புடன் கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜாவின் உதவியும், நண்பர் நாவல் பதேனாவின் கடனும் சேர, 1920இல் மீண்டும் லண்டன் சென்றார். நான்கு ஆண்டுக் கெடு தீருமுன் சென்றுவிட்டார். 1921இல் எம்.எஸ்ஸி. பட்டமும், 1922இல் பாரிஸ்டர் தகுதியும் அவரை வந்தடைந்தன. டி.எஸ்ஸி. ஆய்வுரையைத் திருத்தித் தருமாறு ஆசிரியர்கள் பணித்தபோது, அவ்வாறே திருத்தி எழுதி 1923இல் அப்பட்டத்தையும் பெற்றார்.

பட்டங்கள் பல பெற்றதனால் வழக்குகள் குவிந்தனவா? இல்லை. 1923இல் வழக்கறிஞராகப் பதிவு செய்வதற்கான பணத்தையும் நண்பரிடமே கடனாகப் பெற்றார். தீண்டாமை காரணமாகச் சொலிசிட்டர்கள் அவரிடம் வழக்குகளை ஒப்படைக்கத் தயங்கினர். அவர் கீழ்க் கோர்ட்டுகளுக்கும் வெளியூர்க் கோர்ட்டுகளுக்கும் சென்று வாதாடினார். 1925 முதல் 1928 வரை கணக்கியல் பயிற்சி நிலையமொன்றில் வணிகச் சட்டம் கற்பித்துக் குடும்பச் செலவை ஈடுசெய்தார். 1935இல் பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வராகவே உயர்ந்தார்.

மகாத் குளத்து வழக்கு அவரது பொறுமைக்குச் சான்று. 1927 மார்ச் 20ஆம் நாள் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அப்பொதுக் குளத்து நீரைப் பருகினார். அவ்வாண்டு டிசம்பரில் எதிர்த்தரப்பினர் தடையுத்தரவு பெற்றனர். திரண்டிருந்த மக்களை அமைதிப்படுத்திய அண்ணல், கோர்ட்டிலேயே அவ்வழக்கை நடத்தினார். 1937 மார்ச் 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் வெற்றி கிட்டியது. ஒரு குளத்து நீருக்குப் பத்தாண்டுகள்! சட்டத் தொழில் என்பது இத்தகைய பொறுமையையே கேட்கிறது.

இனி, நம் பிள்ளைகளின் நிலையை நோக்குவோம். அண்ணல் பிறந்த அதே 1891இல் தோன்றிய சென்னைச் சட்டக் கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது. 2018 முதல் அதன் ஒரு பிரிவு கேளம்பாக்கத்தை அடுத்த புதுப்பாக்கத்திலேயே நடைபெறுகிறது. கடல் கடந்து சென்று அவர் கற்ற கல்வி நமக்குப் பேருந்து செல்லும் தொலைவில் உள்ளது. மேல்நிலைத் தேர்வு தேறியோர் ஐந்தாண்டுப் படிப்பிலும், பட்டதாரிகள் மூன்றாண்டுப் படிப்பிலும் சேரலாம். மாநிலத்தின் சட்டக் கல்லூரிகளுக்கு, 1997இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் வழியே விண்ணப்பித்தல் வேண்டும். திருச்சியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திற்கோ கிளாட் என்னும் நுழைவுத் தேர்வு எழுதுதல் வேண்டும்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்குக் காத்திராமல் முன்னரே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கெடு நாளன்று தாலுகா அலுவலக வாயிலில் நிற்கும் நிலை வேண்டா. மெட்ரிகுலேஷனுக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகைக்கும் தவறாது விண்ணப்பியுங்கள். அண்ணல் வைசிராயின் நிர்வாக சபையில் அங்கம் வகித்த காலத்தில், 1944இல் தொடங்கப்பட்ட திட்டம் அது. நோயாலோ வறுமையாலோ இடையில் நிற்க நேரின், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். முதல்வரைக் கண்டு, எழுத்து மூலம் அனுமதி பெற்று, அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். கட்டணமின்மையால் நின்ற பிள்ளைகளைக் கடன் வாங்கியேனும் மீண்டும் சேர்த்துவிடலாம்; பெயர் நீக்கப்பட்ட பிள்ளைகளைச் சேர்ப்பது மிகக் கடினம்.

பட்டம் பெற்றபின் பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்தியத் தேர்விலும் தேறுதல் வேண்டும். பட்டியல் இனத்தாருக்குச் சட்டம் விதித்த பதிவுக் கட்டணம், முத்திரைத் தீர்வை நீங்கலாக, 125 ரூபாய் மட்டுமே. அதற்கு மேல் வசூலித்தலாகாது என்று 2024 ஜூலை 30ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அதன்பின் நல்லதொரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெறுங்கள். முதல் சில ஆண்டுகளில் வருவாய் சொற்பமே என்பதைப் பெற்றோர்க்கும் முன்னரே எடுத்துரையுங்கள்.

1956 டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார். வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் இவ்வட்டாரத்திலிருந்து வழக்கறிஞர்களையும் நீதிபதிகளையும் உருவாக்குமாயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.