ஜானகி அம்மாள்: தகுதி இருந்தும் ஓரமாக நிறுத்தப்பட்டவர்

ஏற்காட்டுக்கு நீங்கள் எத்தனையோ முறை போயிருப்பீர்கள். ஏரியில் படகு, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில் என்று ஒரு சுற்று முடித்து, மிளகும் காப்பித்தூளும் வாங்கிக்கொண்டு மலை இறங்கிவிடுவோம். அங்கே 1963 முதல் ஓர் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. பூச்சி தின்னும் குடுவைச் செடியைக் காட்டக் குழந்தைகளை அழைத்துப் போனவர்களும் நம்மில் உண்டு. அந்தத் தோட்டத்தை நடத்துவது இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நிறுவனத்தைச் சீரமைக்கப் பிரதமர் நேரு அழைத்தது ஒரு பெண்ணை. அவர்தான் ஜானகி அம்மாள்.

வேலை செய்யும் இடத்தில் எல்லோருக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். அது கிடைக்காமல் போனால் நஷ்டம் யாருக்கு என்பதை அவருடைய வாழ்க்கையிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

தலச்சேரியிலிருந்து அமெரிக்கா வரை

எடவலேத் கக்கட் ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று தலச்சேரியில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஊர். அப்பா கிருஷ்ணன் சப் ஜட்ஜ். பறவைகள் மீதும் செடிகொடிகள் மீதும் பிரியம் கொண்டவர். பெரிய குடும்பம், படித்த குடும்பம், வசதிக்கும் குறைவில்லை. ஆனால் அவர்கள் தீயர் சமூகம். அன்றைய சாதி ஏணியில் கீழே வைக்கப்பட்டிருந்தவர்கள். அம்மாவின் தந்தை ஓர் ஆங்கிலேய அதிகாரி. சாதித் தூய்மை பேசுகிறவர்கள் கண்ணில் அதுவும் ஒரு குறைதான்.

சகோதரிகளுக்கு ஒவ்வொருவராகக் கல்யாணம் ஆனது. ஜானகி படிப்பைத் தேர்ந்தெடுத்தார். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் பட்டம், மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியல் ஆனர்ஸ், பிறகு பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியை வேலை. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஆசியப் பெண்களுக்கென்றே பார்பர் உதவித்தொகை என்று ஒன்றைக் கொடுத்துவந்தது. 1924இல் அந்த உதவித்தொகையோடு கப்பல் ஏறினார். 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். தாவரவியலில் அமெரிக்க முனைவர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். ஒரு கதவைத் திறந்துவைத்தால் யார் உள்ளே வருவார்கள் என்பதற்கு இது நல்ல சான்று.

கோவையில் கரும்பும் கசப்பும்

திருவனந்தபுரத்தில் இரண்டு வருடம் பேராசிரியராக இருந்துவிட்டு, 1934இல் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு வந்தார். அப்போதைய பிரச்சினை இதுதான்: வெளியிலிருந்து வந்த நல்ல இனிப்புக் கரும்புக்கு நம் நாட்டின் தட்பவெப்பம் எல்லா இடத்திலும் ஒத்துவரவில்லை. நம் ஊர் காட்டுக் கரும்பு எதையும் தாங்கும், ஆனால் இனிப்புக் கிடையாது. இரண்டையும் கலந்து புதிய ரகங்களை உருவாக்கும் வேலை கோவையில் ஏற்கெனவே நடந்துவந்தது. செடியின் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை எண்ணிப் பார்த்து, எதை எதோடு கலந்தால் என்ன வரும் என்று புரிந்துகொள்வது ஜானகி அம்மாளின் துறை. கரும்பையும் மக்காச்சோளத்தையும்கூட ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார். அந்தக் காட்டுக் கரும்பு இந்தியாவில் தோன்றியது என்பதற்கு அவர் ஆய்வு வலு சேர்த்தது. சர் சி.வி. ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் கழகம் 1935இலேயே அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

இவ்வளவு இருந்தும் கோவையில் அவருக்கு நிம்மதி இல்லை. அவர் பெண், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பின்தள்ளப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். இந்த மூன்றும் சேர்ந்து சக ஆண் விஞ்ஞானிகளிடையே அவருக்குச் சிக்கலை உண்டாக்கின என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். வேலையில் குறை சொல்ல முடியாதபோது ஆளில் குறை காண்பது பழைய வழக்கம்தானே? 1939இல் எடின்பரோவில் நடந்த சர்வதேச மரபியல் மாநாட்டுக்குப் போனார். உலகப் போர் வெடித்தது. அங்கேயே தங்கிவிட்டார்.

குண்டுவீச்சுக்கு நடுவே

லண்டன் அருகே ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வேலை கிடைத்தது. இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கு அடியில் பதுங்கிக்கொண்டு, விடிந்ததும் உடைந்த கண்ணாடியைக் கூட்டித் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்வாராம். சி.டி. டார்லிங்டன் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்டவணை நூலை 1945இல் வெளியிட்டார். அட்டையில் இரண்டு பெயரும் இருந்தன.

பிறகு விஸ்லியில் ராயல் தோட்டக்கலைச் சங்கம் அவரைச் சம்பளத்துக்கு நியமித்தது. அங்கே அப்படி நியமனம் பெற்ற முதல் பெண் விஞ்ஞானி அவர். அவர் ஆராய்ந்த மக்னோலியா மரங்களில் ஒரு வகைக்கு இன்றும் அவர் பெயர்தான். அன்று நம்மை ஆண்டுகொண்டிருந்த நாட்டில் கிடைத்த இடம் சொந்த ஊரில் கிடைக்கவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

திரும்பி வந்தபோது

நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் திரும்பினார். 1952இல் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் சிறப்பு அதிகாரியானார். 1954இல் நிறுவனம் புது வடிவம் பெற்றது. அடுத்த ஆண்டு கோவையில் தென் மண்டல அலுவலகம் வந்தது. ஏற்காட்டுத் தோட்டம் அந்த மண்டலத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு ஜானகி அம்மாளுக்குக் கிடைக்கவில்லை. வேறொருவருக்குப் போனது. அந்த வருத்தம் அவருக்கு இருந்தது.

வருத்தத்தோடு உட்கார்ந்துவிடவில்லை. 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றிவிட்டான் என்பதைப் பற்றி ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. அதற்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். பிறகு அலகாபாத், ஜம்மு, டிராம்பே என்று வேலை தொடர்ந்தது. 1970இல் சென்னைக்கு வந்து, மதுரவாயலில் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி மூலிகைச் செடிகளை ஆராய்ந்தார். 1977இல் பத்மஸ்ரீ வந்தது. எண்பது வயதுக்கு மேலும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக்கூடாது என்று குரல் கொடுத்தார். 1984 பிப்ரவரி 7 அன்று 86 வயதில் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

நம் வளாகத்துக்கு இதில் என்ன?

அவர் கோவையில் வேலை பார்த்த காலத்துக்குப் பிறகு சட்டங்கள் வளர்ந்திருக்கின்றன. அரசு வேலையில் சம வாய்ப்பை அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு உறுதி செய்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற விதி 1975 அக்டோபரில் முதலில் நடைமுறைக்கு வந்தது தோட்டத் தொழிலில்தான். சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்கள் போன்ற இடங்களில். வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் வேலையிடமாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. வீட்டு வேலை செய்பவர் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது.

இதெல்லாம் அலுவலகம் நடத்துபவர்களுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். காவலர், துப்புரவுப் பணியாளர், வீட்டு வேலைக்கு வருபவர், டிரைவர், எலக்ட்ரீஷியன் என்று பலர் வேலை செய்யும் இடம் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பும். அதனால் நாம் ஒவ்வொருவரும் சில கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்ளலாம். வேலைக்கு எடுக்கும்போது வேலையைப் பற்றிக் கேட்கிறோமா, சாதியைச் சுற்றி வளைத்து விசாரிக்கிறோமா? தண்ணீர் கொடுக்க ஒரு தனி டம்ளர் வைத்திருக்கிறோமா? லிப்ட் யாருக்கெல்லாம்? ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளமா? பணியாளர்களுக்குக் கழிப்பறையும், பகலில் சிறிது நேரம் உட்கார ஓர் இடமும் இருக்கிறதா?

இவற்றில் கழிப்பறை, இருக்கை, லிப்ட், சம்பளம் ஆகிய நான்கும் சங்கம் தீர்மானம் போட்டே சரிசெய்யக்கூடியவை. அடுத்த பொதுக்குழுவில் நீங்களே எழுந்து கேளுங்கள். மற்ற இரண்டும் அவரவர் வீட்டுக் கதவுக்கு உள்ளே இருக்கின்றன. அவற்றைக் கேட்க வேறு யாரும் வரமாட்டார்கள்.