அம்மனுக்கு இடம் தேடிய நாராயண பிள்ளை

அயலூரில் குடியேறிய தமிழர் நால்வர் கூடிக் கோவில் வேண்டும் என்று பேசினால், பேச்சு முதலில் மனையில் வந்து நிற்கும். சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோவிலை நிறுவிய நாராயண பிள்ளையின் வரலாறும் அத்தகையதே.

பினாங்கில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவர் அவர். குமாஸ்தா என்னும் அளவில் நமக்கு உறவினர் எனலாம்! 1819-இல் ராபிள்ஸ் துரையுடன் சிங்கப்பூரில் கப்பலிறங்கிச் செங்கற்சூளை வைத்தார், துணிக்கடையும் நடத்தினார். 1822-இல் கடை தீக்கிரையாயிற்று, கடன் மிஞ்சியது. ராபிள்ஸ் அளித்த வேறிடத்தில் வணிகத்தை மீண்டும் தொடங்கினார்.

இவ்வளவு இடரிலும் அம்மனை அவர் மறந்தாரில்லை. முதலில் தெலுக் ஆயர் வீதியில் நிலம் கிடைத்தது; அருகில் நன்னீர் இல்லை. நீரின்றி அபிஷேகம் ஏது? அடுத்து ஸ்டாம்போர்டு கால்வாய்ப் பக்கம் ஓரிடம் தந்தனர். 1822-ஆம் ஆண்டு நகரமைப்புத் திட்டம் அதனை வேறு பயனுக்கு ஒதுக்கிவிட்டது. மனம் சலித்து விட்டுவிடுவோரே பலர். பிள்ளையவர்கள் விட்டாரில்லை. 1823-இல் சௌத் பிரிட்ஜ் சாலையில் மூன்றாவது மனை கிடைத்தது. 1827-இல் மரத்தாலும் கீற்றாலும் கோவில் எழுந்தது. சின்ன அம்மனை அங்கே எழுந்தருளச் செய்தார். சூளை வைத்தவர் கட்டியது கீற்றுக் கோவில்! செங்கற் கட்டடம் பின்னரே வந்தது.

புதிதாய்க் கப்பலிறங்கிய தமிழர், வேலையும் வீடும் அமையும்வரை அக்கோவிலிலேயே தங்கினர். இந்துத் திருமணங்களும் அங்கே பதிவாயின. 1968 முதல் இந்து அறக்கட்டளை வாரியம் நிர்வகித்துவரும் அக்கோவில், 1973-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அம்மன் இன்றும் அந்த மூன்றாவது மனையிலேயே வீற்றிருக்கிறாள்.