பத்திரிகையை முடக்கிய பிரிட்டிஷ் அரசு... பாட்டால் பதில் சொன்ன பாரதி! புதுச்சேரியில் நடந்தது என்ன?

மகாகவி பாரதியார் என்றதும் முண்டாசும் மீசையும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அவர் பாட்டு எழுதி, ராகம் குறித்து, தானே பாடியும் காட்டியவர் என்பது பலருக்குத் தெரியாது. அவருடைய முக்கியமான படைப்புகள் பல பிறந்த ஊர் புதுச்சேரி.

புதுச்சேரிக்கு ஏன் வந்தார்?

1908-ம் ஆண்டு சென்னையில் 'இந்தியா' வார இதழ் மீது பிரிட்டிஷ் அரசு பாய்ந்தது. உரிமையாளராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதானார். அடுத்த குறி, இதழை நடத்திய பாரதிதான். நண்பர்கள் வற்புறுத்த, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு ரயில் ஏறினார். அப்போது அவருக்கு வயது 25.

அங்கிருந்தும் 'இந்தியா' வெளிவந்தது. விடுவார்களா? பிரிட்டிஷ் பகுதிக்குள் இதழ் நுழையவே தடை போட்டார்கள். வாசகர்கள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்க, 1910-ல் இதழ் நின்றே போனது.

1911-ல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு நிலைமை இன்னும் மோசம். வீட்டைச் சுற்றி உளவாளிகள், கையில் காசு இல்லாத நாட்கள்.

பாட்டில் என்ன புதுசு?

பத்திரிகை இல்லாத அந்தக் காலத்தில்தான் 'பாஞ்சாலி சபதம்', 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு' எல்லாம் உருவாயின. பண்டிதர்களுக்கு மட்டும் புரியும் நடை அவருக்கு வேண்டாம். எளிய சொல், ஜனங்களுக்குப் பழகிய மெட்டு, இதுதான் அவர் பிடித்த வழி.

கும்மி, கிளிக்கண்ணி, நொண்டிச் சிந்து என மக்கள் வாயில் இருந்த வடிவங்களை எடுத்துக்கொண்டார். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கீர்த்தனை மெட்டில் அரசியலைப் பாடினார். 'குயில் பாட்டு'வில் வரும் குயில் எந்தப் பாட்டுக்கெல்லாம் மனதைப் பறிகொடுக்கிறது தெரியுமா? ஏற்றம் இறைப்பவர், நெல் குத்தும் பெண்கள், சுண்ணாம்பு இடிப்பவர் பாடும் பாட்டுக்கு!

வெளிநாட்டுக் காற்றும் உள்ளே வந்தது. ஷெல்லி மீதுள்ள பிரியத்தால் 'ஷெல்லிதாசன்' என்ற புனைபெயரிலும் எழுதியவர் அவர். அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனையும் படித்து ரசித்தார். அவரது வசன கவிதைகளில் அந்தத் தாக்கத்தைப் பார்க்கலாம்.

கச்சேரிகளில் அர்த்தம் புரியாத அதே சில கீர்த்தனைகளையே திரும்பத் திரும்பப் பாடுவதையும் அவர் கண்டித்தார். தமிழில் புதுப் பாட்டு வேண்டும் என்று கேட்டதோடு நிற்காமல், எழுதியும் காட்டினார்.

யார் கேட்டார்கள்?

புதுச்சேரியில் சிறுமியாக அவர் பாடக் கேட்ட யதுகிரி அம்மாள், பின்னாளில் 'பாரதி நினைவுகள்' என்று புத்தகமே எழுதினார். கனகசுப்புரத்தினம் என்ற உள்ளூர் இளைஞர், பாரதிதாசன் ஆனார்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதி, கடலூர் அருகே கைதாகி, சில வாரங்களில் விடுதலையானார். 1921 செப்டம்பரில் சென்னை திருவல்லிக்கேணியில் இறந்தபோது அவருக்கு வயது 38 தான்.

இறந்த பிறகும் பயமா?

ஆமாம். 1928-ல் அவருடைய தேசிய கீதப் புத்தகங்களை அரசு பறிமுதல் செய்தது. ஆனால் பாட்டைப் பறிமுதல் செய்ய முடியுமா? சுதந்திரம் கிடைத்துவிட்டதாகவே நினைத்து அவர் எழுதிய பாட்டை, 1947 ஜனவரியில் வெளியான 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடினார். நிஜமான சுதந்திரம் வர இன்னும் 7 மாதம் இருந்தது!

1949-ல் அவரது படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு வாங்கி, பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. இன்று யார் வேண்டுமானாலும் பாரதி பாட்டுக்கு மெட்டுப் போடலாம், பாடலாம்.

புதுச்சேரி ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீடு இப்போது நினைவு அருங்காட்சியகம். புதுச்சேரி போனால் கடற்கரையோடு திரும்பிவிடாமல், அங்கேயும் ஒரு எட்டு போய்ப் பார்க்கலாம்.