ஹெர்மன் ஹான்கெல்

ஜெர்மானியக் கணித வித்துவான் ஹெர்மன் ஹான்கெல் 1839-ஆம் ஆண்டில் ஹாலே நகரிற் பிறந்தவர். பள்ளிப் பருவத்திலேயே புராதன கணித நூல்களைக் கிரேக்க மூலத்திற் பயின்றார்; பின்னர் கட்டிங்கனில் ரீமானிடமும் பெர்லினில் வையர்ஸ்ட்ராஸிடமும் பாடங் கேட்டார். எண் என்பது புறத்தே கிடக்கும் பொருளன்று, விதிகளால் மனம் அமைப்பது என்பது 1867-இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம். கலப்பெண்களுக்கு அப்பால், சாதாரணக் கணக்கின் விதிகளனைத்தும் பொருந்தும் எண்கணம் இல்லையென்றும் அதில் நிறுவினார்.

பழங்கணிதத்தையும் இக்கண்கொண்டே நோக்கினார். 2-இன் வர்க்கமூலம் கிரேக்கருக்கு எண்ணன்று, கோடே. பாரத தேசத்தாரோ அத்தகையவற்றைக் கரணியென்று பெயரிட்டுக் கூசாது கூட்டினர், பெருக்கினர். ஆதலின் பீஜகணிதத்தை உண்மையிற் கண்டவர் இவரே எனத் துணிந்தார். பாஸ்கரரின் சக்கரவாள முறையை, லக்ராஞ்சுக்கு முன் எண்ணியலில் எழுந்தவற்றுள் தலையாயதென மதித்தார்.

நம்மவர் மேடைதோறும் இப்புகழுரையை எடுத்தோதுவர். நிரூபணக் கண்டிப்பிற் கிரேக்கரையே அவர் உயர்த்தியதை மட்டும் விட்டுவிடுவர். பாதியை மறைத்துப் பெறும் புகழை நாம் விரும்புகிலோம். கேரளத்து யுக்திபாஷையில் நிரூபணங்கள் விரிந்துகிடத்தலின் அத்தீர்ப்பு அவ்வளவிற் பிழையே. அதனை நூல் காட்டி மறுப்பதன்றோ முறை!

ட்யூபிங்கன் சர்வகலாசாலைப் பேராசிரியராயிருந்த ஹான்கெல், 1873-இல் தம் 34-ஆம் வயதிற் காலமானார். அவருடைய கணித வரலாற்று நூல் மறு ஆண்டு லீப்சிக்கில் அச்சேறியது.