நாவலர் பெருமானின் நிர்வாகத் திறன்

நல்லூரில் 1822இல் அவதரித்த ஆறுமுக நாவலரைச் சைவங் காத்தவராகவே நாம் போற்றுகிறோம். அவர் சிறந்த நிர்வாகியுமாவார். 1847இன் இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிதோறும் பிரசங்கம் தொடங்கினார். 1848இல் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மாணவருக்கு நூல்கள் தேவைப்பட்டன; 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். படிமுறையாகப் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். இவ்வாறு ஒரு பணி மற்றொன்றைத் தாங்கியது. 1864இல் சிதம்பரத்திலும் வித்தியாசாலை எழுந்தது. 1877 பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்தார்.

1879இல் அவர் சிவபதமடைந்த பின்னரும் வித்தியாசாலைகள் தொடர்ந்தன. வெக்ஸ்போர்ட்டில் திருவிழா, தமிழ் வகுப்பு, அன்னதானம் எல்லாவற்றையும் இரண்டு மூன்று பேரே சுமந்தால், அவர்கள் ஓய்ந்தபின் யார் தொடர்வார்? கணக்கையும் பொறுப்பையும் இளையோரிடம் இப்போதே பகிர்ந்தளிப்போமாக.