தூப்ளே தொடங்கிய போர்

2021 ஆகஸ்டில், காபூல் விமான நிலையத்தில் புறப்பட்ட விமானத்தின் பின்னே மக்கள் ஓடிய காட்சியைத் தொலைக்காட்சியில் கண்ட மறுநாள், புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். அதன் தென்கோடியில் பிரெஞ்சுக்காரர்கள் 1870-இல் நிறுவிய தூப்ளேயின் சிலை நிற்கிறது. எத்தனையோ முறை கடந்துபோன சிலைதான். அன்று என்னால் கடந்துபோக முடியவில்லை. அமெரிக்காவின் அயல்மண் போர்களைப் பற்றிப் பேசுவோர் வியட்நாமையும் இராக்கையும் சான்று காட்டுவர். எனக்கு இந்த மனிதரின் வாழ்க்கையே போதுமான சான்றாகத் தோன்றியது.

ஜோசப் பிரான்சுவா தூப்ளே 1697-இல் பிரான்சின் வடபகுதியில் பிறந்தவர். வணிகக் கம்பெனியின் ஊழியராக இந்தியா வந்து, வங்கத்துச் சந்திரநாகூரைச் செழிக்க வைத்த திறமையால், 1742-இல் புதுச்சேரியின் ஆளுநரானார். அதுவரை அவர் கையாண்டது கணக்கேடு, வாளன்று.

அவரை மாற்றியது ஒரு வெற்றி. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படை சென்னையைக் கைப்பற்றியது. அதை மீட்க ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் தம் மகனை அனுப்பினார். பத்தாயிரம் பேர் என்று சொல்லப்படும் அப்படையை, ஆயிரத்துக்கும் குறைந்த வீரர்களைக் கொண்ட பிரெஞ்சுப் படை அடையாற்றின் கரையில் சிதறடித்தது. சிறிய படை, குறைந்த செலவு, விரைந்த வெற்றி! காபூல் 2001-இல் சில வாரங்களில் வீழ்ந்தபோதும், பாக்தாத் 2003-இல் மூன்றே வாரங்களில் வீழ்ந்தபோதும் வாஷிங்டனில் பிறந்த மயக்கம் இதுவேதான் என்பது என் எண்ணம்.

1748-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். தூப்ளே ஊரைக் காத்தார், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த முற்றுகையின் நடுவேதான் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஊரார் பட்ட வேதனையை, தூப்ளேயின் துபாசியாகவே இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எதிரியிடமிருந்து காப்பாற்றப்பட்ட மக்கள், காப்பாற்றியவரிடம் தம் கோயிலை இழந்தனர்.

அதன்பின் தூப்ளே பிறர் அரியணைகளில் கை வைத்தார். ஆற்காட்டுக்குச் சந்தா சாகிப், ஐதராபாத்துக்கு முசாபர் ஜங் என்று தமக்கு உகந்தவர்களைத் தேர்ந்துகொண்டார். 1749-இல் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் மாண்டார். சந்தா சாகிப் நவாபானார். கைம்மாறாக வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைத்தன. இன்றும் நம் ஆட்சிப்பகுதியில் இருக்கும் அவ்வூர்கள் அந்தப் பேரத்தின் மிச்சம். 1750 டிசம்பரில் நாசிர் ஜங் கொல்லப்பட, முசாபர் ஜங் நிஜாமானார். ஓரிரு மாதங்களில் அவரும் கொல்லப்பட்டார். உடனே வேறொருவர் அமர்த்தப்பட்டார்.

வென்ற நாட்டின் வரி போரின் செலவை ஈடுகட்டும் என்பது தூப்ளேயின் கணக்கு. நல்ல வணிகர் போட்ட தவறான கணக்கு அது. அமர்த்திய நவாபுக்குக் காவல் வேண்டும். காவலுக்குப் படை வேண்டும். படைக்கு ஊதியம் வேண்டும். ஊதியத்துக்கு மேலும் நிலம் வேண்டும், நிலத்துக்கு மறுபடி போர். வரி தரவேண்டிய ஊர்களைப் படைகளே பாழாக்கின. ஆங்கிலேயரோ முகமது அலியை முன்னிறுத்தி அதே ஆட்டத்தை ஆடினர். 1751-இல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். மறு ஆண்டு திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது. அமெரிக்க ஆதரவில் ஆண்ட தென்வியட்நாமின் தியெம் 1963-இல் அமெரிக்காவுக்குத் தெரிந்தே நடந்த கலகத்தில் கொல்லப்பட்டதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தா சாகிப் நினைவுக்கு வருவார். அந்த வியட்நாம் போரையும் அமெரிக்கா பிரான்சின் கையிலிருந்தே வாங்கிக்கொண்டது. அதன் முற்பகுதியில், பிரெஞ்சுச் சீருடையில் நம்மூர்ச் சொல்தாக்களும் இந்தோசீனாவில் இருந்தனர்.

பாரிசில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் இலாபத்தை எதிர்பார்த்தனர். வந்து சேர்ந்தது செலவு. 1754 ஆகஸ்டில் கொதே என்பவர் வந்திறங்கி, தூப்ளேயைப் பதவியிலிருந்து அகற்றினார். அக்டோபரில் தூப்ளே குடும்பத்துடன் கப்பலேறினார். போருக்காகத் தம் சொந்தப் பணத்தையும் செலவிட்டதாகச் சொல்லி, அதைத் திரும்பக் கேட்டுக் கம்பெனியோடு ஆண்டுக்கணக்கில் வழக்காடினார். பணம் கிடைக்கவில்லை. அவர் வழக்காடிக்கொண்டிருந்தபோதே, 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கோட்டையும் வெள்ளையர் வீடுகளும் தரைமட்டமாக்கப்பட்டன. அதே மாதத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையும் மறைந்தார். 1763 நவம்பரில் தூப்ளே பாரிசில் வறுமையில் இறந்தார். அப்போதும் அவருடைய கோரிக்கை தீர்க்கப்படாமலே கிடந்தது.